95-ஐ நம்பிய இரவு: வீட்டில் குப்புறப் படுக்கவைத்த ஒரு கோவிட் நிகழ்வு

2021 மே 23, ஞாயிறு ராத்திரி ஒன்பதேகால். கோவையிலிருந்து பெரியப்பா மகன் வீடியோவில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் கயிற்றுக் கட்டிலில் பெரியப்பா மல்லாந்து கிடந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது, கழுத்துக் குழி ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போய் வந்தது. அண்ணா பேச ஆரம்பிக்கும் முன்பே என் கண் அந்தக் குழியில்தான் நின்றது.

"பாப்பா, ஆக்ஸிஜன் தொண்ணூத்தொண்ணு காட்டுது. டாக்டர் போன்ல குப்புறப் படுக்க வைங்கன்னு சொல்லிட்டு வச்சுட்டாரு. எப்படிப் படுக்க வைக்கிறதுன்னு கேக்கறதுக்குள்ள அடுத்த போனுக்குப் போயிட்டாரு."

அண்ணா சொன்னது விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டர் காட்டிய ரத்த ஆக்ஸிஜன் சதவீதம். இனி வரும் 95, 92 எல்லாம் அந்த அளவுதான். நான் பிசியோதெரபிஸ்ட். அந்த மாதம் சென்னையில் ஒரு மருத்துவமனையின் ஐசியூவில் நோயாளிகளைத் திருப்பிப் போடும் குழுவில் இருந்தேன். வென்டிலேட்டரில் இருப்பவரைக் குப்புறத் திருப்ப எங்களுக்கு ஐந்து பேர் வேண்டும், அதில் ஒருவருக்குத் தலைமாட்டில் நின்று தொண்டைக்குள் போகும் சுவாசக் குழாயைக் காப்பது மட்டும்தான் வேலை. கோவையில் இருந்தது அண்ணா, அண்ணி, பெரியம்மா, நாலு தலையணை. அந்த இரவில் சரியாக நடந்ததையும் தப்பாக நடந்ததையும் பெரியப்பாவிடம் கேட்டுக்கொண்டுதான் இங்கே எழுதுகிறேன். பேர் மட்டும் போட வேண்டாம் என்றார்.

யார், என்ன நிலையில்

வயது 63. பஞ்சாலையில் முப்பத்தொரு வருஷம் வேலை. பீடி சிகரெட் கிடையாது, ஆனால் பஞ்சுத் தூசியில் கழிந்த வயசு. காலையில் கொஞ்சம் இருமிவிட்டுத்தான் பல் தேய்ப்பார். பதினொரு வருஷமாகச் சர்க்கரை, மாத்திரையில் ஓடுகிறது. எடை 84 கிலோ, நல்ல தொப்பை. வலது முழங்கால் தேய்மானம். தடுப்பூசி போடவில்லை. "கூட்டம் குறையட்டும்" என்று தள்ளிப்போட்டவர்களில் அவரும் ஒருவர்.

மே 17-இல் காய்ச்சல், உடம்பு வலி. 19-இல் பரிசோதனை முடிவு பாசிட்டிவ். ஆறாம் நாள் வரை உட்கார்ந்த நிலையில் 95, 96. ஏழாம் நாள் சாயங்காலம் 93. வாசலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் கழிப்பறைக்குப் போய்விட்டு வந்ததும் 88. இந்த நோயில் ஏழிலிருந்து பத்தாம் நாள் வரைதான் கத்திமேல் நடை என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்து என்ன செய்ய, இடம் வேண்டுமே. அதற்கு இரண்டு நாள் முன்புதான் தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36,184 பேருக்குத் தொற்று. கோவையில் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போய், மாதக் கடைசியில் சென்னையையே முந்தியது. அண்ணா இரண்டு மருத்துவமனை வாசலுக்குப் போய்த் திரும்பியிருந்தார். 104 மருத்துவ உதவி எண்ணில் படுக்கைக்குப் பதிவு செய்திருந்தார். தொலைபேசியில் பார்த்த மருத்துவர் ஸ்டீராய்டு மாத்திரை தொடங்கி, சர்க்கரை ஏறும், நாலு வேளையும் பாருங்கள் என்றும், 90-க்குக் கீழே இறங்கினால் எதற்கும் காத்திருக்காமல் கிளம்புங்கள் என்றும் சொல்லியிருந்தார். நல்ல அறிவுரைதான். குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை, நேரம்தான் அவருக்கு இல்லை.

திருப்பும் முன் நான் கேட்டவை: சுயநினைவு தெளிவாக இருக்கிறதா, தானாகப் புரண்டு படுக்க முடிகிறதா, நெஞ்சு வலி உண்டா, ஒரு கால் மட்டும் வீங்கி வலிக்கிறதா, முதுகு, இடுப்பு, தொடை எலும்பு எப்போதாவது முறிந்ததா, இதய நோய் உண்டா. எல்லாவற்றுக்கும் பதில் சாதகமாகவே வந்தது. ஒன்றைக் கேட்க மறந்தேன். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று.

மூன்று முயற்சி

முதல் முயற்சி கயிற்றுக் கட்டிலில். அந்தக் கட்டில் நடுவில் தொட்டில் மாதிரி தொய்ந்திருந்தது. குப்புறப் படுத்ததும் இடுப்பு கீழே போய், நெஞ்சும் முழங்காலும் மேலே நின்று, உடம்பு வில்லாக வளைந்தது. ஆறு நிமிஷம்கூடத் தாங்கவில்லை. "அம்மிணி, வகுறு அமுக்குது, எனக்கு ஆகாது" என்று புரண்டு எழுந்து ஓங்கரித்தார். அப்போதுதான் தெரிந்தது, எட்டரை மணிக்குப் பெரியம்மா கொள்ளு ரசம் ஊற்றி ஒரு தட்டுச் சோறு ஊட்டியிருந்தார். சளியை அறுக்குமாம். கொள்ளு ரசத்தின் மேல் எனக்குப் பகை இல்லை. ஆனால் சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகாமல் குப்புறப் படுக்கக் கூடாது. வாந்தி வந்து மூச்சுக்குழலுக்குள் போனால், இருக்கிற நிமோனியாவோடு இன்னொன்றும் சேரும்.

பத்து மணி வரை நிமிர்ந்து உட்காரவைத்தோம். முதுகுக்குச் சுவர், பக்கத்துக்கு ஒரு தலையணை. உட்கார்ந்தபோது 92. மல்லாந்து கிடந்ததைவிட ஒன்று கூட. சின்ன வித்தியாசம்தான், ஆனாலும் அந்த அரை மணி நேரம் சும்மா போகவில்லை.

இரண்டாவது முயற்சி தரையில், பவானி ஜமக்காளத்தின் மேல். படுப்பது சுலபமாக இருந்தது. ஆனால் அந்த முழங்காலோடு தரையிலிருந்து எழுவதே ஒரு மலையேற்றம் என்பது எனக்குத் தோன்றவில்லை. சிறுநீர் கழிக்க எழுந்தபோது அளவு சர்ரென்று இறங்கியது. மூச்சு வாங்குகிறவரைத் தரையில் படுக்கவைக்காதீர்கள். எழுந்திருக்கும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

மூன்றாவதாக அண்ணியின் கல்யாணச் சீராக வந்த மரக்கட்டில். பலகை நேராக இருந்தது, மெத்தை மெலிசு. அதில்தான் அமைந்தது. 2021 ஏப்ரலில் மத்திய சுகாதார அமைச்சகம் வெளியிட்ட படத்தில் கழுத்துக்குக் கீழே ஒன்று, மார்பிலிருந்து தொடை மேற்பகுதி வரை ஒன்றோ இரண்டோ, கணுக்காலுக்கு மேலே முன்காலுக்கு இரண்டு என்று நாலைந்து தலையணை காட்டியிருப்பார்கள். ஒல்லியானவருக்கு அது சரி. தொப்பை உள்ளவருக்கு நடுவில் தலையணை வைத்தால் வயிறு நசுங்கி, நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானத்தை மேலே தள்ளும். எனவே நெஞ்சின் மேற்பகுதிக்கு ஒன்று, இடுப்பு எலும்புக்கு ஒன்று, இரண்டுக்கும் நடுவே வயிறு பள்ளத்தில் தொங்குகிற மாதிரி. வீட்டில் இருந்தவை பழைய இலவம்பஞ்சுத் தலையணைகள், பெரியப்பா பாரத்தில் பத்து நிமிஷத்தில் தட்டையாகிவிட்டன. அண்ணி இரண்டு கம்பளியை இறுக்கிச் சுருட்டிக் கயிற்றால் கட்டிக் கொடுத்தார். அது நசுங்கவில்லை. முகத்தை வலப்பக்கம் திருப்பி, வலது கையைத் தலைக்குப் பக்கத்தில் மடக்கி, இடது கையை உடம்போடு நீட்டி, நீச்சலடிக்கிற மாதிரி. கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் கழுத்து பிடிக்கும், கை மரத்துப்போகும்.

"குப்புறப் படுக்காதேன்னு எங்காத்தா வெளக்குமாத்தால அடிச்சிருக்கா. இப்ப நீ படுங்கறே" என்றார். ஒரே மூச்சில் அவரால் சொல்ல முடியவில்லை, மூன்று தவணையில் சொன்னார். நான் அதையும் குறித்துக்கொண்டேன்.

ஏன் ஏறுகிறது

நுரையீரலைப் படத்தில் முன்பக்கத்திலிருந்தே பார்த்துப் பழகியதால் அது நெஞ்சில் இருக்கிறது என்று நினைக்கிறோம். சதையில் பெரும்பகுதி முதுகுப் பக்கம்தான். மல்லாந்து படுத்தால் இதயம் அதன்மேல் உட்காருகிறது, வயிறு கீழிருந்து தள்ளுகிறது. நோயால் நீர் கோத்துக் கனத்த நுரையீரல் தன் பாரத்தாலேயே தன் பின்பக்கத்தை நசுக்கிக்கொள்கிறது. நனைந்த பஞ்சு மூட்டையின் அடிப்பகுதி மாதிரி. இது பெரியப்பாவுக்கு உடனே புரிந்தது. அங்கே காற்றறைகள் மூடிக்கொண்டாலும் ரத்தம் அந்தப் பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும், ஆக்ஸிஜன் ஏற்றிக்கொள்ளாமல் திரும்பும். குப்புறப் படுத்தால் பாரம் முன்பக்கம் மாறுகிறது, பின்பக்க அறைகள் மெல்லத் திறக்கின்றன. படுக்கை மாறினாலும் ரத்தத்தின் பெரும்பங்கு பின்பக்கத்துக்கே போகிறது என்பதுதான் இதன் சூட்சுமம். காற்று திறந்த இடமும் ரத்தம் ஓடுகிற இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

இதனால் சரியாவது காற்றும் ரத்தமும் சேர்கிற கணக்கு மட்டும்தான். நோய் இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது. இதைப் பாடத்தில் படித்தவள் நான். அன்றைக்கு ராத்திரி வாய்விட்டுச் சொல்லவில்லை.

அண்ணாவின் நோட்டு

வீட்டு மளிகைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் அண்ணா எழுதியது, அப்படியே:

10.40 – மல்லாக்க – 90
10.55 – குப்புற – 92
11.10 – குப்புற – 95
11.30 – குப்புற – 95
12.05 – நிமிந்து படுத்தார் – 91
12.10 – பாத்ரூம் போய்ட்டு வந்தார் – 86

11.10-க்கும் 12.05-க்கும் இடையில் நோட்டில் வராத இரண்டு காரியம் நடந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் "95 வந்துருச்சு, கடவுள் காப்பாத்திட்டார்" என்று அண்ணா போட்டார். நானும் கைகூப்பிப் படம் போட்டேன். பதினொன்றரைக்கு 104-இலிருந்து கூப்பிட்டு, விடியற்காலையில் ஒரு ஆக்ஸிஜன் படுக்கை காலியாகலாம், வருகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். அண்ணா நல்ல மனசோடு, "இப்பப் பரவாயில்லீங்க, ரொம்ப முடியாதவங்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டார்.

ஆக்ஸிமீட்டர் காட்டியது பொய்யில்லை. அந்த நிலையில், அந்த நிமிஷத்தில் 95 நிஜம். ஆனால் கேள்வி அது இல்லை. எழுந்தால் எவ்வளவு, நிமிர்ந்து படுத்தால் எத்தனை நிமிஷத்தில் இறங்குகிறது, அந்த 95-ஐப் பிடித்து வைக்க நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு விடுகிறார், இவற்றைத்தான் நான் எழுதச் சொல்லியிருக்க வேண்டும். மூச்சை எண்ணச் சொல்ல எனக்குத் தோன்றியதே 12.15-க்குத்தான். கால் நிமிஷம் எண்ணி நாலால் பெருக்காமல், பேச்சுக் கொடுக்காமல், முழு நிமிஷம் முதுகு ஏறி இறங்குவதை எண்ணச் சொன்னேன். 28. பெரியவர்களுக்குச் சாதாரணமாக 12-லிருந்து 20. அந்தச் சமயம் நம் நாட்டில் நடைமுறையில் இருந்த கோவிட் வழிகாட்டுதல்படி, மூச்சு 24 அல்லது அதற்கு மேல் போனாலே மிதமான நோய், மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நோயாளி. ஆக்ஸிஜன் 95 இருந்தாலும் அப்படித்தான். குழுவில் கைகூப்பியவள் நான் என்பதால் அண்ணாவைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை.

போதாததற்கு அந்தக் கருவியே கொஞ்சம் தாராளமாகக் காட்டக்கூடியது. கருத்த தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூட்டிக் காட்டும் என்று 2020 டிசம்பரிலேயே ஆய்வு வந்தது. கை சில்லிட்டிருந்தாலும், நகச்சாயம் இருந்தாலும் தடுமாறும். நம் ஊர் விரல்களுக்கு 94 என்பதை 94 என்று எடுத்துக்கொள்ளாமல் ஒன்றிரண்டு கழித்தே நான் பார்ப்பேன்.

மீதி இரவும் அடுத்த நாளும்

104-க்குத் திரும்ப அடித்தோம். இடம் வேறொருவருக்குப் போயிருந்தது, மறுபடியும் வரிசை. இனி படுக்கை கிடைக்கும் வரை நேரத்தை ஓட்ட வேண்டும். இப்போது எதை எதிர்பார்க்க வேண்டும் என்றாவது தெரிந்திருந்தது.

குப்புற முக்கால் மணி, வலப்பக்கம் ஒருக்களித்து முக்கால் மணி, நிமிர்ந்து உட்கார்ந்து அரை மணி, இடப்பக்கம், திரும்பக் குப்புற. அமைச்சகத்தின் குறிப்பு ஒவ்வொரு நிலைக்கும் அரை மணியிலிருந்து இரண்டு மணி வரை சொல்கிறது. பெரியப்பாவுக்கு முக்கால் மணிதான் தாங்கியது. வலப்பக்கத்தைவிட இடப்பக்கம் ஒன்றிரண்டு குறைவாகவே நின்றது, ஆகவே அதைச் சுருக்கினோம். மல்லாந்து படுப்பதை அறவே விட்டோம். அப்படி ஒரு நிலையே அட்டவணையில் இல்லை.

கழிப்பறைதான் பெரிய சண்டை. வாயகன்ற பிளாஸ்டிக் பாட்டிலை அண்ணா நீட்டியதும், "நான் என்ன செத்தா போயிட்டேன்" என்று சத்தம் போட்டார். அந்தச் சத்தத்துக்கே அளவு இரண்டு இறங்கியது. பெரியம்மா எல்லோரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர் எழவில்லை.

24-ஆம் தேதி தளர்வில்லாத ஊரடங்கு தொடங்கியது. காலையில் பத்து மணிக்குத் தெரிந்தவர் வீட்டிலிருந்து, காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்து நிமிஷத்துக்கு ஐந்து லிட்டர் வரை தரும் கான்சன்ட்ரேட்டர் ஒன்று இரவலாக வந்தது. இரண்டு லிட்டரில் தொடங்கி, மருத்துவர் சொல்படி, ராத்திரிக்குள் நான்கு. குப்புறப் படுத்தால் 94, உட்கார்ந்தால் 91, மூச்சு 30. நேற்று வெறும் காற்றிலேயே எட்டிய அளவை இன்றைக்கு நான்கு லிட்டர் போட்டும் எட்ட முடியவில்லை. நோட்டின் அந்தப் பக்கத்தைக் காட்டித்தான், அதாவது படித்துக்காட்டித்தான், 104-இல் அவசரத்தைப் புரியவைத்தோம். நிலை, லிட்டர், மூச்சு எண்ணிக்கை மூன்றையும் சேர்த்துச் சொன்னதும் மறுமுனையில் குரல் மாறியது.

25-ஆம் தேதி விடியற்காலை நாலரைக்கு 108 வந்தது. ஸ்ட்ரெச்சரில் மல்லாத்தாமல், தலைப்பக்கத்தை நன்றாக உயர்த்தி, ஆக்ஸிஜனோடு கொண்டுபோனார்கள். அரசு மருத்துவமனையில் பதினொரு நாள். முகக்கவச ஆக்ஸிஜன், அங்கும் குப்புறப் படுக்கவைத்தார்கள், குழாய் போடும் அளவுக்குப் போகவில்லை. ஸ்டீராய்டில் சர்க்கரை 380-ஐத் தொட்டு இன்சுலினில் இறங்கியது. வீடு திரும்பியபோது இடது கன்னத்து எலும்பிலும் இரண்டு முழங்காலிலும் அழுத்தத்தால் கருத்த தழும்பு. சர்க்கரைக்காரர்களுக்கு இந்த இடங்களையும் கால் பெருவிரலையும் ஒவ்வொரு முறை திருப்பும்போதும் பார்க்க வேண்டும். நாங்கள் கன்னத்தைப் பார்க்கவில்லை.

குப்புறப் படுப்பதற்கு எவ்வளவு பலம்

இதைப் புதுக் கண்டுபிடிப்பு மாதிரி அப்போது பேசினார்கள். ஐசியூவில் 1970-களிலிருந்தே செய்கிறார்கள். 2013-இல் வந்த புரோசேவா ஆய்வுதான் திருப்புமுனை. வென்டிலேட்டரில் இருந்த கடும் நோயாளிகள் 466 பேர். நாளுக்குக் குறைந்தது பதினாறு மணி நேரம் குப்புற வைத்தவர்களில் 28 நாளுக்குள் இறந்தவர்கள் 16 சதவீதம், மல்லாந்த நிலையில் வைத்தவர்களில் 32.8. மயக்கத்தில், குழாயோடு, பயிற்சி பெற்ற குழுவின் கையில் இருந்தவர்களுக்கு வந்த பலன் இது.

விழித்திருப்பவருக்கு? 2020-இல் நியூயார்க்கில் அவசரப் பிரிவுக்கு வந்த 50 பேர். வெறும் காற்றில் 80, ஆக்ஸிஜன் வைத்ததும் 84, குப்புறப் படுத்த ஐந்து நிமிஷத்தில் 94. இந்த எண்கள்தான் உலகம் சுற்றின. அந்த ஐம்பது பேரில் ஏறக்குறைய கால்வாசிப் பேருக்கு ஒரே நாளுக்குள் குழாய் போட வேண்டிவந்தது என்ற வரி அவ்வளவாகச் சுற்றவில்லை. 2021-இல் ஆறு நாட்டு ஆய்வு ஒன்று, ஆயிரத்து நூற்றுக்கும் மேற்பட்டோர், எல்லோரும் மருத்துவமனையில் அதிவேக ஆக்ஸிஜனில் இருந்தவர்கள். குழாயோ மரணமோ நேர்ந்தவர்கள் குப்புறப் படுத்த பக்கம் 40 சதவீதம், மற்ற பக்கம் 46. மரணத்தை மட்டும் பிரித்துப் பார்த்தால் தெளிவான வேறுபாடு இல்லை. என் கணிப்பு இதுதான்: வீட்டில் இது நேரம் வாங்கித் தரும். எங்களுக்கு முப்பது மணி நேரத்துக்குமேல் கிடைத்தது. அந்த நேரத்தில் ஆக்ஸிஜனையும் படுக்கையையும் தேடாமல் இருந்தால் வாங்கியதற்கு அர்த்தமில்லை.

எல்லா இளைப்புக்கும் இதே படுக்கை என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நாள்பட்ட நுரையீரல் அடைப்புக்காரரும் ஆஸ்துமாக்காரரும் யாரும் சொல்லித்தராமலே முன்னால் குனிந்து முழங்காலில் கையூன்றி உட்காருவார்கள். அதுதான் அவர்களுக்குச் சரி. கை ஊன்றினால் தோள் தசைகளும் மூச்சுக்கு ஒத்தாசை செய்யும். மேஜைமேல் தலையணை போட்டுக் கவிழ்ந்து சாய்ந்தால் இன்னும் நல்லது. ஒரு பக்கம் மட்டும் நிமோனியா என்றால் பெரியவர்களுக்கு நல்ல பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்தல். இதயம் பலவீனமாகிப் படுத்தால் மூச்சு முட்டுகிறவரை நிமிர்த்தி உட்காரவைத்து, உடனே மருத்துவமனை. கர்ப்பிணிகளுக்குக் குப்புற வேண்டாம், இடப்பக்கம். அந்த மே மாதம் எனக்கு வந்த அழைப்புகளில் இரண்டு, சளி பிடித்த கைக்குழந்தையைக் குப்புறத் தூங்கவைக்கலாமா என்று. கூடவே கூடாது. கைக்குழந்தை தூக்கத்திலேயே திடீரென இறந்துபோகும் தொட்டில் மரணத்தின் ஆபத்தை அது கூட்டும்.

ஆகஸ்டில் கோவை போனபோது மரக்கட்டிலில் பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார். குப்புற. கம்பளிச் சுருள் இடுப்புக்கடியில், கயிறுகூட அவிழ்க்காமல். "ஆகாதுன்னு சொல்லிப் பாத்தாச்சு கண்ணு, மல்லாந்தா பயமா இருக்குங்கறாரு" என்றார் பெரியம்மா. நான் சத்தம் காட்டாமல் கட்டில் ஓரத்தில் நின்று முதுகைப் பார்த்து ஒரு முழு நிமிஷம் எண்ணினேன். பதினாறு.